மஹோகனி கிடாருக்கு எந்த ட்யூனிங்?

மேடையேற அரை மணி நேரம் இருக்கும்போது பாடகர் வந்து, “இன்னிக்கு ரெண்டரைக் கட்டை, பாத்துக்கங்க” என்பார். ஸ்டுடியோவில் இசையமைப்பாளர், “வழக்கமான கார்டு வேணாம், கொஞ்சம் விரிஞ்சு கேக்கணும்” என்பார். கையில் இருப்பது ஒரே ஒரு மஹோகனி அக்கூஸ்டிக். இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் அடுத்த வேலைக்கும் கூப்பிடுவார்கள். அந்தப் பதிலில் பாதி விரலில் இருக்கிறது. மீதி, கம்பிகளை எந்த ஸ்வரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்.

மாற்று ட்யூனிங் என்றால் இணையத்தில் நூறு கிடைக்கும். தொழிலுக்கு நூறு தேவையில்லை. இரண்டு போதும், மூன்று இருந்தால் தாராளம். அவற்றை மரத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். செய்யப்போகும் வேலை என்ன, கையிலிருக்கும் கிடார் எந்த ஸ்வரத்துக்குத் துடிக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

முதலில், எது மஹோகனி?

கடையில் “மஹோகனி கிடார்” என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. மேல்பலகையும் மஹோகனியாக இருப்பது ஒன்று. மார்ட்டின் 000-15எம், கில்ட் எம்-20 போன்றவை இந்த ரகம். மேல்பலகை ஸ்ப்ரூஸாகவும், முதுகும் பக்கங்களும் மட்டும் மஹோகனியாகவும் இருப்பது மற்றொன்று. மார்ட்டின் டி-18 இதற்கு நல்ல உதாரணம். இவை போக, மஹோகனிக்குப் பதிலாக அதன் உறவுக்கார மரமான சபேலியைப் போட்ட கிடார்களும் நிறைய வருகின்றன.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஒலியை முதன்மையாக முடிவு செய்வது மேல்பலகைதான். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகு மரம் மட்டும் மாறுபட்ட 6 கிடார்களை 52 கிடார் கலைஞர்களிடம் கொடுத்து, எது எந்த மரம் என்று தெரியாதபடி வாசிக்கச் செய்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவுகளின்படி, கலைஞர்கள் தந்த மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஸ்ப்ரூஸ் மேல்பலகை உள்ள கிடாரை வைத்துக்கொண்டு, “மஹோகனிக்கு இதுதான் பொருந்தும்” என்ற அறிவுரைகளை நம்பி ட்யூனிங் தேடாதீர்கள்.

மேல்பலகையும் மஹோகனி என்றால் கதை வேறு. அடிப்படை ஸ்வரம் அழுத்தமாக வரும்; மேலே கிளைக்கும் உபஸ்வரங்கள் சற்று அடங்கியிருக்கும்; ஒலி வேகமாக எழுந்து வேகமாகத் தணியும். திறந்த கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும் மாற்று ட்யூனிங்கில் இந்த அடக்கம் பெரிய வசதி. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தாலும் கலங்காமல் தனித்தனியாகக் கேட்கும்.

உங்கள் கிடார் எந்த ஸ்வரத்துக்குத் துடிக்கிறது?

ட்யூனிங் தேடும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஐந்து நிமிடம் ஆகும், செலவு ஏதுமில்லை.

கம்பிகள் எல்லாவற்றையும் இடது உள்ளங்கையால் அமுக்கிப் பிடியுங்கள். வலது கை கிடாரின் முதுகில் படிந்திருக்கட்டும். ஒலித்துளைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கீழ் ஸ்தாயியில் “ஊ” என்று மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் முதுகுப் பலகை உங்கள் உள்ளங்கைக்குக் கீழே சட்டென்று அதிரும். பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஒத்ததிர்வு அது. குரல் அவ்வளவு கீழே இறங்காதவர்கள் ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றாக ஒரே பலத்தில் மீட்டட்டும். ஒரு ஃப்ரெட்டில் மட்டும் ஒலி வீங்கி, மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கும். அதே இடம்தான்.

பெரிய உடல் கொண்ட கிடார்களில் இது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கும். சிறிய உடலில் இன்னும் கொஞ்சம் மேலே போகும். கீழ் ஜி 98 ஹெர்ட்ஸ், ஜி ஷார்ப் ஏறத்தாழ 104, ஏ 110. இனி கணக்கு சுலபம். கிடார் ஜி-யில் துடித்தால், ஓப்பன் ஜி ட்யூனிங்கில் ஐந்தாவது கம்பியைத் திறந்து மீட்டும்போதெல்லாம் “டொம்” என்று வீங்கும். மேடையில் ஸ்பீக்கரோடு சேர்ந்து ஊளையிடவும் செய்யும். ஏ-வில் துடித்தால், ஐந்தாவது கம்பி ஏ-வாக நிற்கும் டாட்காட் (DADGAD) ட்யூனிங்கில் அதே தொல்லை. இரண்டுக்கும் நடுவே, ஜி ஷார்ப்பில் துடித்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இரண்டு ட்யூனிங்கும் நிம்மதியாக ஒலிக்கும்.

நான்கு ட்யூனிங், நான்கு வேலை

டிராப் டி. ஆறாவது கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்குவது. மற்ற ஐந்து கம்பிகளில் உங்களுக்குத் தெரிந்த கார்டுகள் அப்படியே இருக்கும். பாட்டு நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். மாற்று ட்யூனிங்கில் காலை நனைக்க இதுவே நல்ல படித்துறை.

டாட்காட். கீழிருந்து மேலாக டி, ஏ, டி, ஜி, ஏ, டி. 1960-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கிடார் கலைஞர் டேவி கிரஹாம், மொராக்கோவில் ஊத் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது இதைக் கையாளத் தொடங்கினார். பிரெஞ்சு அல்ஜீரியரான பியர் பென்சுசான் இதையே தன் நிரந்தர ட்யூனிங்காக வைத்து ஒரு முழு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். டி-யை ஸட்ஜமாகக் கொண்டால் கம்பிகள் ஸ, ப, ஸ, ம, ப, ஸ என்று நிற்கும். காந்தாரமே கிடையாது. மேஜரா மைனரா என்று கிடார் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதில்லை. அதைப் பாடகரிடமே விட்டுவிடலாம். காந்தாரம் இல்லாத மத்யமாவதி, சுத்த சாவேரி சாயல் மெட்டுகளுக்குச் சொல்லி வைத்தாற்போல் பொருந்தும். கல்யாணி சாயலில் கவனம் தேவை: திறந்த மூன்றாவது கம்பி சுத்த மத்யமம், ராகமோ பிரதி மத்யமம். அந்தக் கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தியே வாசிக்க வேண்டும்.

ஓப்பன் ஜி. டி, ஜி, டி, ஜி, பி, டி. ஹவாய்த் தீவுகளின் ஸ்லாக்-கீ கிடார் மரபில் இது மிகவும் பழக்கமான ட்யூனிங். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு, இதில் ஐந்து கம்பி மட்டும் வைத்து வாசிப்பவர். ஜி-யை ஸட்ஜமாகக் கொண்டால் ப, ஸ, ப, ஸ, க, ப. நாட்டுப்புறச் சாயல், ப்ளூஸ், ஸ்லைடு ஆகியவற்றுக்குக் கைகொடுக்கும். இரண்டாவது கம்பி அந்தர காந்தாரம் என்பதால் மைனர் மெட்டுகளில் அது திறந்து ஒலிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓப்பன் சி. சி, ஜி, சி, ஜி, சி, இ. கேட்க அகலமானது, கிடாருக்குக் கடினமானது. ஆறாவது கம்பி இரண்டு முழு ஸ்வரம் இறங்கித் தொளதொளக்கும், இரண்டாவது கம்பியோ அரை ஸ்வரம் ஏறி இறுகும். இதற்கெனத் தனிக் கிடார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

ஜோனி மிட்செல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகளைக் கையாண்டவர். சிறுவயதில் வந்த போலியோ இடது கையின் பலத்தைக் குறைத்துவிட்டதால், சுலபமான விரல் பிடியில் செறிவான கார்டு கிடைக்க அவர் கண்டுகொண்ட வழி அது. சொந்தப் பாடல் எழுதுகிறவர் அவரைப் பின்பற்றலாம். பிறருக்கு வாசிக்கும் தொழில்முறைக் கலைஞருக்கு, ஒரே ட்யூனிங்கில் எல்லா ஸ்கேலிலும் வாசிக்கத் தெரிவதுதான் சோறு போடும்.

ட்யூனர் இல்லாமல் டாட்காட்

ட்யூனர் மக்கர் செய்தாலும் கை நிற்கக் கூடாது. டாட்காட்டின் அழகு, மாறும் மூன்று கம்பிகளுக்கும் மாறாத கம்பிகளே வழிகாட்டும் என்பது. முதலில் ஸ்டாண்டர்ட் ட்யூனிங் சுத்தமாக இருக்கட்டும். பிறகு:

1. நான்காவது கம்பியைத் திறந்து மீட்டுங்கள். ஆறாவது கம்பியின் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் அதோடு ஒன்றும்வரை ஆறாவதை இறக்குங்கள்.
2. ஐந்தாவது கம்பியின் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை மீட்டுங்கள். இரண்டாவது திறந்த கம்பியை அதோடு சேருங்கள்.
3. நான்காவது கம்பியின் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை மீட்டுங்கள். முதல் திறந்த கம்பியை அதோடு சேருங்கள்.

இரண்டு ஒலிகளுக்கு இடையே கேட்கும் “வவ்வவ்” அலை மெல்ல மெல்ல நீண்டு, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். ஒரு விதி: எந்தக் கம்பியையும் மேலிருந்து இறக்கி அப்படியே விடாதீர்கள். இலக்குக்குச் சற்றுக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நட்டில் சிக்கிய கம்பி இரண்டாவது சரணத்தில் நழுவி மானத்தை வாங்கும்.

அவசரத்துக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கை மாற்றாமல், மூன்று கம்பிகளை மட்டும் அழுத்தும் பார்ஷியல் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் 5, 4, 3-ஆவது கம்பிகளின்மேல் போடுங்கள். இ, பி, இ, ஏ, பி, இ கிடைக்கும். டாட்காட்டின் அதே அமைப்பு, ஒரு முழு ஸ்வரம் மேலே. அடித்தளத்தின் கனம் வராது. ஆனால் கம்பியைத் தொடாமலே அந்த நிறம் வந்துவிடும்.

கட்டைக் கணக்கு

பாடகர் கட்டையில் பேசுவார். கிடார் ஃப்ரெட்டில் பேசும். இந்தப் பட்டியலை கிடார் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வையுங்கள்.

- 1 கட்டை, சி: டாட்காட் முழுவதையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி, சி, ஜி, சி, எஃப், ஜி, சி.
- 1½ கட்டை, சி ஷார்ப்: டாட்காட் முழுவதையும் அரை ஸ்வரம் இறக்குங்கள்.
- 2 கட்டை, டி: டாட்காட், கேப்போ வேண்டாம்.
- 2½ கட்டை, டி ஷார்ப்: டாட்காட், கேப்போ 1.
- 3 கட்டை, இ: டாட்காட், கேப்போ 2.
- 4 கட்டை, எஃப்: டாட்காட், கேப்போ 3.
- 4½ கட்டை, எஃப் ஷார்ப்: டாட்காட், கேப்போ 4.
- 5 கட்டை, ஜி: ஓப்பன் ஜி, கேப்போ வேண்டாம். அல்லது டாட்காட்டிலேயே மூன்றாவது கம்பியை ஸட்ஜமாகக் கொள்ளலாம்.
- 5½ கட்டை, ஜி ஷார்ப்: ஓப்பன் ஜி, கேப்போ 1.

டாட்காட்டில் கேப்போவை ஐந்துக்கு மேல் தள்ளாதீர்கள். சின்ன உடல் மஹோகனி கிடார் அங்கே உகுலேலே ஆகிவிடும். கேப்போவை ஏற்றியிறக்கும்போது ஒத்ததிர்வின் இடம் மாறாது, திறந்த கம்பிகளின் ஸ்வரம்தான் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீங்கும் ஸ்வரத்திலிருந்து தப்பிக்க அரை ஸ்வரம் இறக்கி, கேப்போ ஒன்று போடுவது சரிவராது. திறந்த கம்பி பழைய இடத்துக்கே வந்துவிடும். பாடகரின் கட்டையே மாறினால்தான் விடுதலை. இல்லையேல் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி.

எலக்ட்ரானிக் தம்புராவோடு வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். கிடாரின் பஞ்சமம் தம்புராவின் சுத்தப் பஞ்சமத்தைவிட 2 சென்ட்தான் குறைவு, காது பொறுத்துக்கொள்ளும். மேஜர் காந்தாரமோ ஏறத்தாழ 14 சென்ட் அதிகம், உறுத்தும். ஓப்பன் ஜி-யில் இரண்டாவது கம்பியை அந்த அளவு இறக்கினால் திறந்த ஒலி தேனாக இருக்கும். ஆனால் அதே கம்பியில் அழுத்தும் மற்ற ஸ்வரங்களும் சேர்ந்து இறங்கும். ஸ்லைடு வாசிப்பவர்கள் இறக்கலாம், மற்றவர்கள் வேண்டாம். காந்தாரக் கம்பியே இல்லாத டாட்காட்டில் இந்தத் தலைவலியே இல்லை.

கம்பியும் கழுத்தும்

அதே கம்பியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் அதன் இழுவிசை சுமார் 21 சதவீதம் குறையும். இரண்டு முழு ஸ்வரம் இறக்கினால் சுமார் 37 சதவீதம். டாட்காட்டில் மூன்று கம்பிகள் மட்டும் ஒரு ஸ்வரம் இறங்குவதால் மொத்த இழுவிசை பத்தில் ஒரு பங்கு போலத்தான் குறைகிறது. வழக்கமான 12–53 செட்டே தாங்கும். ஓப்பன் சி-யிலோ சி, ஜி, சி, எஃப், ஜி, சி-யிலோ நிரந்தரமாக இருக்கப் போகிறீர்கள் என்றால், ஆறாவது கம்பிக்கு மட்டும் 56 போடுங்கள்.

முழு செட்டையும் 13-க்கு ஏற்றும் முன் கிடார் தயாரிப்பாளரின் பரிந்துரையைப் பாருங்கள். பழைய, மெல்லிய கட்டுமானமுள்ள சின்ன மஹோகனி கிடார்கள் அந்தப் பளுவுக்காகச் செய்யப்படாதவை; ப்ரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பிக்கொள்ளும். தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் இறுகினால், அரத்தை எடுக்காமல் கிடார் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். இழுவிசை குறைந்தால் கழுத்து பின்னோக்கி நிமிரும். முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி கரகரக்கும். டிரஸ் ராடில் ஒரு சின்னத் திருப்பு போதும். தினமும் ட்யூனிங் மாற்றுபவர்கள் கழுத்தை இரண்டுக்கும் நடுவான நிலையில் வைத்துக்கொள்வதே நடைமுறை.

கம்பியின் உலோகமும் பேசும். மஹோகனி மேல்பலகையில் ஒலி ஏற்கெனவே கனிந்திருக்கும். தாழ்ந்த ட்யூனிங்கில் அது மந்தமாகிவிட்டால் ஃபாஸ்ஃபர் பிரான்ஸிலிருந்து 80/20 பிரான்ஸுக்கு மாறிப் பாருங்கள். சற்றுப் பளிச்சென்று திறக்கும்.

மேடையில்

பாட்டு வரிசையை ஒழுங்கு செய்பவரிடம் முதல் ஒத்திகையிலேயே பேசுங்கள். டாட்காட் பாட்டுகள் எல்லாம் ஒரே கொத்தாக வரட்டும். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் ட்யூனிங் இரண்டு முறைக்கு மேல் மாறக் கூடாது. மாற்றும்போது ஒலியை நிறுத்திவிடும் ட்யூனர் பெடல் கட்டாயம். சுருதி சேர்ப்பதை சபை கேட்க வேண்டியதில்லை.

குழுவில் பேஸ் கிடார் இருந்தால் உங்கள் கீழ் டி-யை அடக்கி வாசியுங்கள். இருவரும் ஒரே இடத்தில் முழங்கினால் மண்டபத்தில் குழப்பம்தான் கேட்கும். மாற்று ட்யூனிங் முழுதாகப் பூப்பது குரலும் கிடாரும் மட்டும் இருக்கும் இடத்தில்: ஹோட்டல் லவுஞ்ச், சிறு அரங்கம், தேவாலயம், திருமண வரவேற்பின் முதல் அரை மணி நேரம்.

சவுண்ட் செக்கின்போது உங்கள் கிடார் துடிக்கும் ஸ்வரத்தை வேண்டுமென்றே உரக்க வாசித்துக் காட்டுங்கள். “அண்ணே, இந்த ஜி-யிலதான் ஊளையிடும், 98 ஹெர்ட்ஸ்கிட்ட குறைச்சிருங்க” என்று சொல்லுங்கள். எண்ணோடு பேசும் கிடார் கலைஞரை சவுண்ட் என்ஜினீயர் மறக்க மாட்டார்.

ஸ்டுடியோவில்

முந்தைய நாளே ஸ்கேல், வேகம், பாடகரின் சுருதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டுடியோ நேரம் தயாரிப்பாளரின் பணம்; அங்கே உட்கார்ந்து ட்யூனிங் தேடாதீர்கள்.

அக்கூஸ்டிக் கிடாருக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவது பல என்ஜினீயர்களின் கைப்பழக்கம். ஸ்டாண்டர்டில் கீழ் இ 82 ஹெர்ட்ஸ் என்பதால் சேதம் குறைவு. டாட்காட்டின் கீழ் டி 73, ஓப்பன் சி-யின் கீழ் சி 65. ட்யூனிங்கைச் சொல்லாமல் வாசித்தால், எதற்காக இறக்கினீர்களோ அதையே வெட்டி எறிந்துவிடுவார். வாசிக்கும் முன் சொல்லுங்கள்.

சார்ட்டில் விரல் வடிவத்தையும் ஒலிக்கும் ஸ்கேலையும் சேர்த்தே எழுதுங்கள்: “டாட்காட், கேப்போ 3, வடிவம் டி, ஒலி எஃப்.” ஆறு மாதம் கழித்து அதே பாட்டுக்கு ஒரு திருத்தம் கேட்பார்கள், அப்போது இந்த ஒரு வரி மானத்தைக் காக்கும்.

அடுக்குப் பதிவுக்கு நாஷ்வில் ட்யூனிங்கையும் தெரிந்து வைத்திருங்கள். கீழ் நான்கு கம்பிகளைக் கழற்றிவிட்டு, 12 கம்பி செட்டில் வரும் மெல்லிய கம்பிகளைப் போட்டு ஒரு ஸ்தாயி மேலே சேர்ப்பது. விரல் பிடி ஸ்டாண்டர்ட்தான். மினுமினுப்பான இந்த அடுக்கு சில கிடார்களில் கீச்சிடும். மஹோகனியின் வெதுவெதுப்பு அதைச் சமன்படுத்தும்.

இரண்டாவது கிடாரைச் சுமந்து போக வேண்டிய வேலை என்றால், கட்டணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

எதில் தொடங்குவது?

முதல் மாதம் டிராப் டி. தெரிந்த பாட்டுகளை அதில் வாசித்து, கீழ் டி எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று பழகுங்கள். அடுத்த மூன்று மாதம் டாட்காட் மட்டும். அதில் டி, ஜி, ஏ மூன்று ஸ்கேலிலும் மேஜர், மைனர் இரண்டையும் கேப்போ இல்லாமல் வாசிக்க வரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். அதன் பிறகு, பெண் குரல்களுக்கு அதிகம் வாசிப்பவர் என்றால் ஓப்பன் ஜி-யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஐந்தரைக் கட்டை அங்கே சுலபம்.

மேல்பலகையும் மஹோகனியான ஒரே கிடாரை வைத்துத் தொழில் செய்பவருக்கு என் தீர்ப்பு டாட்காட். மூன்று கம்பிகள்தான் மாறுகின்றன, கழுத்து பெரிதாக அசைவதில்லை, மைனரும் மேஜரும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன, பாதிக்கு மேற்பட்ட கட்டைகள் ஒரு கேப்போவில் அடங்கிவிடுகின்றன. உங்கள் கிடார் ஏ-வில் துடித்தால் மட்டும் ஓப்பன் ஜி-யை முதலில் வையுங்கள். கம்பியில் கை வைக்கும் முன் அந்த “ஊ” சோதனையைச் செய்துவிடுங்கள்.